செத்த சுவர் என்றொரு கதை: வேர்த்தூவி ஆய்வுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

கல்லூரியில் தாவரவியல் படித்த காலத்தில் ஈரமான வடிதாளில் கம்பு விதைகளை முளைக்கப் போட்டு, மூன்றாம் நாள் வேரைப் பிய்த்து நுண்ணோக்கியில் வைத்து வரையச் சொல்வார்கள். வேர்நுனிக்குச் சற்று மேலே பனி படிந்தாற்போல் வெண்மையாக ஒரு பகுதி. கண்ணால் பார்த்தால் பூஞ்சணம். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்லின் நீட்சி. அதைத்தான் வேர்த்தூவி என்கிறோம். நான் இரட்டைக் கோடு போட்டுச் சுவரை அழுத்தமாக வரைந்திருந்தேன். ஆசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, ‘சுவருங்கறது செத்த பொருள்ப்பா. உசுரெல்லாம் உள்ளதான் இருக்கு. ஒத்தக் கோடு போதும், பென்சில வீணாக்காத’ என்றார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாடப்புத்தகமும் அதையேதான் சொல்லியது. செல் தனக்கு வெளியே கழித்துவிட்ட, உயிரற்ற உறை. அவ்வளவுதான் செல்சுவர்.

இந்தச் ‘செத்த சுவர்’ எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கு வெகுகாலம் கழித்தே எழுந்தது. ஃபூக்கோவையும் தெரிதாவையும் அரைகுறையாகப் படித்துவிட்டு விஞ்ஞானம் என்றாலே வன்முறை, அதிகாரத்தின் சொல்லாடல் என்று ஒரேயடியாகப் பேசித் திரிந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அப்படிப் பேசுவது சுலபம். ஆய்வுக்கட்டுரை எதையும் புரட்ட வேண்டியதில்லை. புரட்டிப் பார்த்தபோதுதான், நாங்கள் வெளியிலிருந்து வீசிக்கொண்டிருந்த கேள்விகளில் சிலவற்றைச் சோதனைக்கூடத்துக்கு உள்ளேயே, அதுவும் ஒரு களைச்செடியின் வேரை வைத்துக்கொண்டு, சிலர் கேட்டுப் பதிலும் கண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கூச்சமாகவும் இருந்தது.

முதலில் சொற்களைப் பற்றி. 1665ல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துத் தேன்கூட்டோடு ஒப்பிட்டார். அங்கேதான் ‘செல்’ என்ற சொல் உயிரியலுக்குள் வந்தது. அவர் பார்த்தது உலர்ந்த மரப்பட்டை. உள்ளே ஒன்றுமில்லை, சுவர் மட்டுமே மிச்சம். ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம் அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். பச்சைச் செடிகளில் இந்த அறைகளுக்குள் சாறு நிறைந்திருப்பதையும் அவர் கவனித்திருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆனாலும் பெயர் அறைக்குத்தான். நம் பழைய கலைச்சொல்லாக்கங்களில் வந்த ‘கண்ணறை’ இந்த அறை உருவகத்தை அப்படியே ஏற்றது. ஈழத்துப் பாடநூல்களில் இது ‘கலம்’, கலச்சுவர். கலம் என்றால் பாத்திரம், தோணி. அறைக்குள் அடைபடலாம், கலத்தில் ஏந்தலாம், ஏறிப் போகவும் செய்யலாம். ஒரே பொருளைக் குறிக்கும் இரண்டு சொற்களுக்குள் இரண்டு கற்பனைகள்.

வேர்த்தூவிக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் அது முடி, ஈழத்தில் வேர்மயிர். தமிழ்நாட்டில் மட்டும் எப்படியோ பறவையின் இறகைக் குறிக்கும் பழஞ்சொல் வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வித்தியாசம் சும்மா அலங்காரமல்ல என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஹூக் காலத்தில் செல் என்றாலே சுவர்தான் என்றிருந்தது, இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு தலைகீழாயிற்று. 1838ல் ஷ்லைடன் தாவரங்களெல்லாம் செல்களாலானவை என்றார். 1839ல் ஷ்வான் அதை விலங்குகளுக்கும் விரித்தார். விலங்குச் செல்லுக்குத்தான் இந்தத் தடித்த சுவர் கிடையாதே! ஆகவே இரண்டுக்கும் பொதுவானதைத் தேடினார்கள். 1861ல் மாக்ஸ் ஷுல்ட்ஸே, செல் என்பது உட்கரு கொண்ட புரோட்டோபிளாச உருண்டை, சுவர் அதற்கு அவசியமில்லை என்று வரையறுத்தார். 1868ல் ஹக்ஸ்லி எடின்பரோவில் உயிரின் பௌதிக ஆதாரம் புரோட்டோபிளாசமே என்று பேசிய சொற்பொழிவு பெரும் பரபரப்பானது. உள்/வெளி, உயிர்/சடம் என்ற இருமை எதிர்வு அதோடு இறுகிவிட்டது. விலங்கை அளவுகோலாக வைத்துத் தாவரத்தைப் பார்த்ததில், தாவரத்துக்கே உரியது எதுவோ அது ‘செத்தது’ என்று ஒதுக்கப்பட்டது எனலாம்.

அதே 1838ல்தான் பாரிஸில் அன்செல்ம் பாயேன் தாவரத் திசுக்களிலிருந்து செல்லுலோஸைப் பிரித்தெடுத்தார். உயிரியலில் சடமாகிப்போன சுவர் தொழிற்சாலையில் சரக்காயிற்று. 1846ல் ஷேன்பைன் பஞ்சை அமிலத்தில் நனைத்து வெடிபஞ்சு செய்தார். 1892ல் கிராஸும் பெவானும் விஸ்கோஸ் இழைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த ஆலைகளில் கார்பன் டைசல்பைடு ஆவியைச் சுவாசித்துப் புத்தி பேதலித்தும் நரம்பு தளர்ந்தும் போன தொழிலாளர்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. 1990களில் பவானிக் கரையில் விஸ்கோஸ் ஆலைக் கழிவை எதிர்த்துப் போராடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. செத்த பொருள் என்று முடிவு கட்டிவிட்டால் அதை வெட்டலாம், கரைக்கலாம், நூற்கலாம். சுவரைச் செத்ததாக ஆக்கியது முதலாளியம்தான் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த மாதிரி நேர்க்கோடு போடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அந்த முடிவு யாருக்கும் தொந்தரவாக இல்லை.

*

1937ல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஒரு காரியம் செய்தார். ஓரடிச் சதுரமும் 22 அங்குல ஆழமும் கொண்ட பெட்டியில் ஒரே ஒரு ரை தானியச் செடியை நான்கு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவி, வேர்களை அளந்தார். ஒவ்வொன்றாக எண்ணவில்லை. மாதிரி எடுத்துப் பெருக்கினார். கிடைத்த கணக்கு இது: வேர்களும் கிளைவேர்களும் சுமார் 1 கோடியே 38 லட்சம், மொத்த நீளம் 620 கிலோமீட்டருக்கு மேல். வேர்த்தூவிகள் 1,400 கோடி. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் நீளம் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரே செடி, ஒரு பெட்டி மண். மேலே இருபது அங்குல உயரத்தில் புல் மாதிரி நின்றிருந்த பயிருக்குக் கீழே இவ்வளவு.

ஹூக்கின் 125 கோடிக்கும் டிட்மரின் 1,400 கோடிக்கும் நடுவில் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆனால் எண்ணுவதால் மட்டும் எதுவும் விளங்கிவிடாது. எப்படி ஒரு செல் ஒரு பக்கமாக மட்டும் பிதுங்கி, நுனியில் மட்டும் வளர்ந்து, பத்து மைக்ரான் தடிமனில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் வரை நீள்கிறது? உள்ளே இருக்கும் நீர் அழுத்தம் கார் டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே நுனியில் மட்டும் சுவர் இளகிக் கொடுக்க வேண்டும். ரொம்ப இளகினால் வெடித்துவிடும், இறுகினால் நின்றுவிடும். உடைந்தாலொழிய நமக்குத் தெரியாத ஒரு சமநிலை. ஆகவே உடைத்துத்தான் பார்த்தார்கள்.

உடைப்பதற்கு ஒரு செடி வேண்டியிருந்தது. அதுதான் அராபிடாப்சிஸ். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, எதற்கும் உதவாத களை. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் இதை விவரித்தவர் யோஹான்னஸ் தால். அவர் பெயரால்தான் தாலியானா. ஐந்து ஜோடி குரோமோசோம்கள், ஆறேழு வாரத்தில் விதையிலிருந்து விதை. ஃபிரீட்ரிஷ் லைபாக் 1907லேயே இதன் குரோமோசோம்களை எண்ணி, 1943ல், போரின் நடுவில், மரபியலுக்கு உகந்த செடி இதுவே என்று எழுதினார். அவருடைய மாணவி எர்னா ரைன்ஹோல்ட்ஸ் விதைகளின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிச் சடுதிமாற்றச் செடிகளை உண்டாக்கினார். போர் முடிந்து 1947ல் அந்த ஆய்வேடு, ஜெர்மன் விஞ்ஞானத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஆக்கிரமிப்புப் படைகளின் தகவல் முகமை அறிக்கையாக வெளிவந்தது. களைச்செடியும்கூடப் போரின் கொள்ளைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இன்று அராபிடாப்சிஸ் பெருமை பேசும்போது லைபாக்கைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் ரைன்ஹோல்ட்ஸையும் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். இந்த ஆய்வுகளில் ‘காட்டுவகை’ என்று ஒரு சொல் வரும். சடுதிமாற்றம் அடையாத, இயல்பான செடி. எல்லாம் இதனோடு ஒப்பிட்டே குறை, மிகை என்று மதிப்பிடப்படும். அந்தக் காட்டுவகை எந்தக் காட்டிலிருந்து வந்தது? 1956 எழுச்சிக்குப் பிறகு ஹங்கேரியிலிருந்து வெளியேறிய ஜார்ஜ் ரெடே என்பவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். லைபாக்கிடமிருந்து வாங்கிய விதைகளிலிருந்து அவர் தேர்ந்தெடுத்து வளர்த்த வழிக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். உலகெங்கும் சோதனைக்கூடங்களில் ‘இயல்பு’ என்று வைத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் இந்தக் ‘கொலம்பியா’தான். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டு வெளியானதும் இதனுடையதே. காட்டுவகை காட்டிலிருந்து வந்ததல்ல. தபாலில் போன ஒரு விதை உறையிலிருந்து, ஒருவர் தேர்ந்தெடுத்ததிலிருந்து வந்தது.

லைபாக் தன் கட்டுரையை எழுதிய அதே 1943ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழிருந்த பிரான்சில் ஜார்ஜ் காங்கிலம் இயல்பானதும் நோயுற்றதும் பற்றிய தன் மருத்துவ ஆய்வேட்டை முடித்தார். பின்னாளில் ஃபூக்கோவின் ஆய்வேட்டுக்குப் பரிந்துரை எழுதியவர் இவர்தான். நோய் என்பது இயல்பின் வெறும் குறைபாடல்ல, அது தனக்கென்று ஒரு நியமத்தை வைத்துக்கொண்டு வாழும் இன்னொரு வாழ்முறை என்பது அவர் வாதத்தின் சாரம். மீறப்படும்போதுதான் நியமம் என்று ஒன்று இருந்ததே தெரியவருகிறது. லைபாக்கும் காங்கிலமும் ஒருவரை ஒருவர் வாசித்ததாகத் தெரியவில்லை, வாசித்திருக்க வேண்டியதுமில்லை. ஆனால் வேர்த்தூவிக் கதையை இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என்னால் படிக்க முடிகிறது.

*

1990ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் ஷீஃபெல்பைனும் கிறிஸ் சோமர்வில்லும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது என்று சொல்லலாம். சடுதிமாற்றம் உண்டாக்கப்பட்ட 12,000 நாற்றுகளின் வேர்களைக் கண்ணால் பார்த்து, வேர்த்தூவி கோணலானவை நாற்பதுக்கு மேல் பொறுக்கினார்கள். அவற்றிலிருந்து நான்கு ஜீன்கள். ஒன்றில் தூவியின் அடி குமிழாக வீங்கியது. இன்னொன்றில் கட்டையாக நின்றுவிட்டது. மூன்றாவது அலையலையாக வளைந்தது. நான்காவது இடையிடையே வீங்கியும் சுருங்கியும் போயிற்று. நான்குக்கும் எண்கள் மட்டும் வைத்தார்கள்.

இந்த ஆய்வுக்கு வேர்த்தூவி ஏன் தோதாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். அகார் தட்டில் எல்லா உப்புகளும் கரைத்து ஊற்றப்பட்டிருக்கும். தண்ணீருக்கும் குறைவில்லை. அங்கே தூவி இல்லாத செடியும் ஜோராக வாழும், விதை விடும். ஆகவே எத்தனை உடைத்தாலும் செடி சாகாது. வேர்த்தூவி தேவையே இல்லாத ஓர் உலகத்தில் வைத்துத்தான் வேர்த்தூவியைப் படித்தார்கள். இதை இப்போதைக்கு ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த ஜீன்கள் எவை என்று தெரியவர மேலும் பல வருஷங்களாயிற்று. 2002ல், அடி வீங்கிய முதல் செடியில் பழுதானது காலக்டோஸ் என்ற சர்க்கரையைச் சுவருக்குக் கொண்டுபோகும் வழியில் வேலை செய்யும் நொதி என்று தெரிந்தது. சுவருக்கான செங்கல் வரவில்லை, ஆகவே வீங்கியது. 2003ல், கட்டையாக நின்ற இரண்டாவது செடியில் பழுதானது ஆக்சிஜனிலிருந்து வீரியமான சேர்மங்களை உண்டாக்கும் நொதி என்று நார்விச், கேம்பிரிட்ஜ் குழுக்கள் காட்டின. அந்தச் சேர்மங்கள் நுனியில் கால்சியத்துக்குக் கதவைத் திறக்கின்றன. உள்ளே வரும் கால்சியம்தான் எங்கே வளர வேண்டும் என்பதைக் காட்டுகிறது. இதற்கு முன்பே, 2001ல், இன்னொரு சடுதிமாற்றத்தில் தூவி முளைத்த கையோடு நுனி வெடித்துச் சாறு சிதறுவதைப் பார்த்தார்கள். பழுதானது செல்லுலோஸ் தொகுக்கும் நொதிக்குச் சொந்தக்காரப் புரதம். அதே ஆண்டில் சூரிச்சில், சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு புரதம் இல்லாவிட்டாலும் தூவி உருக்குலைகிறது என்று கண்டார்கள்.

ஆக, தூவி என்ற உருவத்தைத் தேடிப் போனவர்கள் திரும்பத் திரும்பச் சுவரில் போய் முட்டினார்கள். உள்ளேயிருக்கும் உயிர் வடிவத்தைத் தீர்மானிக்கிறது, வெளியேயிருக்கும் சடம் அதைச் சுற்றி உறைகிறது என்ற வரிசை அங்கே நிற்கவில்லை. சுவர் கட்டப்படுவதுதான் வளர்ச்சி. எனக்குக் குட்டு வாங்கித் தந்த இரட்டைக் கோடு நினைவுக்கு வந்தது.

வெடிக்கும் அந்தச் சடுதிமாற்றத்துக்கு வைத்த பெயர் கோஜாக். 1970களில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றில் வந்த வழுக்கைத்தலைத் துப்பறிவாளரின் பெயர். வேர் வழுக்கையாகத் தெரிந்ததாம். இன்னொன்றுக்கு ‘வேர்வுல்ஃப்’, அதாவது முழுநிலவில் உடம்பெல்லாம் ரோமம் முளைக்கும் ஓநாய் மனிதன். அந்த ஜீன் பழுதானால் வேரின் புறத்தோலில் எல்லாச் செல்லும் தூவி விடும். அதாவது, தூவி வரவிடாமல் தடுப்பதே அதன் வேலை. ஆனால் பெயரோ அது இல்லாதபோது என்ன ஆகிறதோ அதைச் சொல்கிறது. ஜீன் இருப்பதை ஜீன் இல்லாததால் பெயரிடுகிறார்கள். குறை பெயரிடப்படும், நிறை பெயரற்றது. சசூரைப் படித்தவர்களுக்கு இதைவிட ருசியான உதாரணம் கிடைக்காது. ஆங்கிலத்தில் ‘முடி’ என்றிருந்ததால்தான் இந்த வழுக்கை, ரோமப் பகடிகளெல்லாம் சாத்தியமாயிற்று என்பதும் நினைவிருக்கட்டும். இறகு என்று வைத்திருந்தால் வேறென்னவோ பெயர்கள் வந்திருக்கும்.

இதில் உச்சம் ‘கிளாப்ரா 2’. வழுவழுப்பான, ரோமமற்ற என்று பொருள்படும் லத்தீன் சொல். அந்த ஜீன் பழுதான செடியின் இலை வழுக்கை. ஆகவே அந்தப் பெயர் வைத்தாயிற்று. 1990களின் நடுவில் அதே செடியின் வேரைப் பார்த்தால், அங்கே தேவைக்கு மேல் தூவிகள்! ஒரே ஜீன் இலையில் தூவியை முளைக்க வைக்கிறது, வேரில் முளைக்க விடாமல் தடுக்கிறது. இலையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் மண்ணுக்குள் பார்க்கவில்லை. ஜீனுக்குத் தன்னளவில் அர்த்தமில்லை. எங்கே இருக்கிறது, எவற்றோடு உறவில் இருக்கிறது என்பதே அதன் அர்த்தம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தோழர் குதித்து எழுந்துவிட்டார். அவர் குதித்ததற்குக் காரணம் இதைவிட அடுத்த கண்டுபிடிப்பு. அராபிடாப்சிஸ் வேரில் புறத்தோல் செல்கள் வரிசை வரிசையாக இறங்கும். உள்ளே எட்டு வரிசைப் புறணிச் செல்கள். இரண்டு புறணிச் செல்களின் இடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் புறத்தோல் செல் தூவி விடும். ஒரே செல்லின் முதுகில் உட்கார்ந்திருப்பது விடாது. 1998ல் செய்த ஆய்வு ஒன்று, அபூர்வமாக ஒரு செல் நெடுக்குவாட்டில் பிரிந்து, ஒரு மகள் செல் பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தது. அது தன் தாயின் வழியை விட்டுவிட்டு, வந்து சேர்ந்த இடத்தின் வழியை எடுத்துக்கொள்கிறது. பிறப்பல்ல, இடம்தான் தீர்மானிக்கிறது.

‘தோழர், இதைத்தானே நாம இவ்வளவு காலமா சொல்லிக்கிட்டிருக்கோம்! பிறப்பால ஒண்ணுமில்லைன்னு செடியே சொல்லுது பாருங்க’ என்றார்.

அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் கெடுத்தேன். சாதிக்கு எதிராக வாதாட நமக்கு ஒரு களைச்செடியின் சாட்சியம் வேண்டுமா? நாளைக்கு வேறொரு செடியில் தாய்வழியே தீர்மானிக்கிறது என்று காட்டினால் என்ன செய்வது, வாதத்தை வாபஸ் வாங்குவதா? தூவிச் செல்லும் தூவியற்ற செல்லும் ஏற்றத்தாழ்வானவை அல்ல. ஒன்றுக்கு ஒன்று எச்சில் இலை எடுப்பதில்லை. இயற்கையிலிருந்து நீதியைப் பெயர்த்தெடுத்து வரும் வேலையை நம் எதிராளிகள்தான் காலங்காலமாகச் செய்து வருகிறார்கள். அதே கயிற்றை நாமும் பிடிப்பானேன்?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘சரி தோழர், அப்ப அந்த இடத்த யாரு தீர்மானிக்கறாங்க?’ என்று கேட்டார். என் பிரசங்கத்தைவிட நல்ல கேள்வி அது. உண்மையில் ஆய்வாளர்களும் அதையே கேட்டார்கள். ‘வேர்வுல்ஃப்’ மிகுந்திருக்கும், தூவி விடாத செல்தான் ‘கேப்ரிஸ்’ என்ற சின்னப் புரதத்தைச் செய்கிறது. செய்து தான் வைத்துக்கொள்வதில்லை. அது பக்கத்துச் செல்லுக்கு நகர்ந்து போய், அங்கே தடையை நீக்கித் தூவி முளைக்க விடுகிறது. இடுக்கின் மேலிருக்கிறோம் என்ற தகவலை உள்ளிருந்து வாங்கித் தருவதில் ‘ஸ்கிராம்பில்டு’ என்ற ஏற்பிக்குப் பங்குண்டு என்று 2005ல் கண்டார்கள். தூவி விடாத செல் வெறுமனே ‘இல்லாதது’ அல்ல. பக்கத்துச் செல்லைத் தூவியாக்குவதே அதன் வேலையின் பாதி.

*

சுவருக்குத் திரும்புகிறேன். செல்லுலோஸ் குறைந்த செடிகள் குட்டையாகிப் போகும். இதில் ஒன்றுக்குப் பெயர் ‘ப்ரோகுஸ்த்’. கிரேக்கக் கதையில் வழிப்போக்கர்களைத் தன் கட்டிலின் அளவுக்கு வெட்டியோ இழுத்தோ கொல்லும் கொள்ளைக்காரன். செங்கல் குறைந்தால் வீடு சிறுக்கும் என்பதுபோல, செல்லுலோஸ் குறைந்ததால் குட்டை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2007ல் வெர்சாய் ஆய்வுக்கூடத்தினர் அந்தக் குட்டைச் செடியிலேயே இன்னொரு ஜீனையும் உடைத்தார்கள். செடி மறுபடி ஓரளவு நீண்டு வளர்ந்தது. செல்லுலோஸ் கூடவில்லை, அதே குறைதான். வளர்ச்சி மட்டும் திரும்பியது. அந்த இரண்டாவது ஜீனுக்கு ‘தீசியஸ்’ என்று பெயர் வைத்தார்கள், கதையில் கொள்ளைக்காரனைக் கொன்றவன். தீசியஸ் செல்லின் விளிம்பில் உட்கார்ந்து சுவரின் நிலையைக் கவனிக்கும் ஏற்பிப் புரதம்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். செடி குட்டையானது பற்றாக்குறையினால் மட்டுமல்ல. பற்றாக்குறையைக் கேள்விப்பட்டு, ‘வளராதே’ என்று அது தனக்குத் தானே போட்ட உத்தரவினாலும்தான். உத்தரவை எடுத்துவிட்டால் அதே வறுமையில் வளர முடிகிறது. சுவர் சேதி சொல்கிறது, செல் கேட்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஃபெரோனியா’ வேர்த்தூவியில் இதையொத்த வேலையைச் செய்கிறது. அது பழுதானால் தூவிகள் வெடிக்கின்றன. ஆகவே உத்தரவு வெறும் ஒடுக்குமுறையும் அல்ல. ஒரு செடியில் அது வளர்ச்சியைத் தடுத்தது, இன்னொரு இடத்தில் அது இல்லாதபோது உயிரே போயிற்று. அதிகாரம் தடுப்பது மட்டுமல்ல, உண்டாக்குவதும்கூட என்று நாங்கள் மேற்கோள் காட்டித் திரிந்தபோது இவ்வளவு துல்லியமான ஒரு வழக்கு எங்கள் கையில் இல்லை.

சுவரைப் பற்றிய இன்னொரு கதையும் உண்டு. பயறு, உளுந்துக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் ரைசோபியம் பாக்டீரியா வேர்த்தூவி வழியாகத்தான் நுழைகிறது. தூவி சுருண்டு அதைப் பிடித்துக்கொள்ளும். சுவரைத் துளைப்பது யார்? பாக்டீரியாதான் தன் நொதியால் அரித்து நுழைகிறது என்ற கருத்து வெகுநாள் இருந்தது. 2012ல் தாமரை என்று பொருள்படும் லோட்டஸ் என்ற பயறுவகைக் களையில், பெக்டினைக் கரைக்கும் செடியின் சொந்த நொதி இல்லாவிட்டால் பாக்டீரியாவால் சரியாக நுழைய முடிவதில்லை என்று காட்டினார்கள். விருந்தாளி சுவரேறிக் குதிக்கவில்லை. வீட்டுக்காரரும் கதவைத் திறந்துவிடுகிறார்.

*

ஓரமாக வைக்கச் சொன்ன அகார் தட்டை இப்போது எடுக்கலாம். மண்ணில் பாஸ்பேட் நகராது. வேர் தன்னைச் சுற்றியிருப்பதை உறிஞ்சிவிட்டால் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருப்பதுகூட எட்டாக்கனி. அந்த மில்லிமீட்டர்தான் வேர்த்தூவி. பாஸ்பரஸ் குறைந்தால் அராபிடாப்சிஸ் தூவிகள் நீளமாகவும் நெருக்கமாகவும் வளர்கின்றன என்று 1996ல் காட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் தூவியே இல்லாத ஒரு பார்லியைக் கண்டெடுத்து வளர்த்தார்கள். பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் அது திணறியது. தாராளமாக இருந்த மண்ணில் தாக்குப்பிடித்தது.

எல்லாம் ஊட்டப்பட்ட தட்டில் வேர்த்தூவி வேண்டாத ஆடம்பரம். உரம் கொட்டப்பட்ட வயலும் அப்படி ஒரு தட்டுதான். அங்கே வைத்து விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகங்களில் வேர் என்ன ஆயிற்று என்று யார் குனிந்து பார்த்தார்கள்? அந்த உரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நவுரு என்ற 21 சதுர கிலோமீட்டர்த் தீவைக் கேட்க வேண்டும். 1900களின் முதல் பத்தாண்டில் தொடங்கி, அந்நியர் அங்கே பாஸ்பேட்டைத் தோண்டி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்குக் கொண்டுபோனார்கள். தீவின் பெரும்பகுதி கூர்ங்கற்கள் துருத்தி நிற்கும் பொட்டலாயிற்று. 1989ல் நவுரு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1993ல் ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்தது.

நெல்லில் ‘நிப்பொன்பாரே’ என்ற ஜப்பானிய ரகம்தான் உலகத்துக்கான மூலப்பிரதி. 2005ல் முழுமையாக வாசிக்கப்பட்ட நெல் மரபணுத்தொகுதி அதனுடையதே. பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் தாங்கி நிற்கும் திறன் ‘கசலத்’ என்ற இந்திய நாட்டு ரகத்தில் இருப்பதை 1998லேயே கண்டு, எந்தக் குரோமோசோமில் என்பதையும் குறித்துவிட்டார்கள். ஜீனை மட்டும் எடுக்க முடியவில்லை. நிப்பொன்பாரேயின் பிரதியில் அந்த இடத்தைப் புரட்டினால் அப்படி ஒரு ஜீனே இல்லை. கசலத்தையே தனியாக வாசித்தபோதுதான் மூலப்பிரதியில் இல்லாத ஒரு துண்டு அதில் இருப்பது தெரிந்தது. 2012ல் வெளியான அந்த ஜீன் வேர்த்தூவியைச் சேர்ந்ததல்ல, இளம்பருவத்தில் வேரின் மொத்த வளர்ச்சியையே கூட்டுவது. நவீன ரகங்கள் பலவற்றில் அது கிடையாது.

நாற்றங்காலில் பிடுங்கும்போது தூவிகள் அறுந்துபோகும் என்று தோழரிடம் சொன்னேன். நட்ட பயிர் சில நாள் வாடிப் பச்சை பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பச்சை பிடிப்பதற்குள் புது வேரும் புதுத் தூவியும் வர வேண்டும். அவர் நாற்றுப் பறித்து வளர்ந்தவர். ‘நாத்து முடியப் பிடிச்சு மண்ண உதறுவோம் தோழர். அப்ப கைல வழவழன்னு ஒட்டும். அது சேறுன்னுதான் இத்தன நாளா நெனச்சேன்’ என்றார். சேறும் இருந்திருக்கும். அவர் இரண்டு நாள் கழித்து வடிதாளுக்குப் பதில் பழைய வேட்டித் துணியில் முளைக்கப் போட்ட கம்போடு வந்தார், கைக்கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.